முதிர்ந்தோர் திருமுழுக்கும் பாவமன்னிப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் கத்தோலிக்கர் இருக்கிறோம். சைவரும், மெதடிஸ்தரும், இஸ்லாமியச் சகோதரிகளும் இருக்கிறீர்கள். எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எனவே, கலந்து வாழும் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு ஒருநாள் வந்து சேரும் விடயம் ஒன்றைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். வளர்ந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுகிறார். எங்கள் அம்மம்மாமார் ஞானஸ்நானம் என்று சொன்னது இதைத்தான். அதுவரை அவர் செய்த பாவங்களுக்கு என்ன நடக்கிறது?

திருச்சபையின் பதில் மிகவும் நேரானது. அவை அனைத்தும் மன்னிக்கப்படுகின்றன. பிறப்புநிலைப் பாவம் மட்டுமல்ல, அவர் தாமாகச் செய்த பாவங்களும், அவற்றுக்காகக் கடவுள் முன் அனுபவிக்க வேண்டிய தண்டனையும் நீங்குகின்றன. திருமுழுக்குக்கு முன் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியதில்லை. திருமுழுக்குக்குப் பின் அந்தப் பழைய பாவங்களுக்காகத் தவமுயற்சி எதுவும் அவருக்கு விதிக்கப்படுவதுமில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒப்புரவு அருட்சாதனம், திருமுழுக்குப் பெற்றபின் பாவத்தில் விழுந்தவர்களுக்கு உரியது. திருமுழுக்குப் பெறாதவருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவருக்குத் திருமுழுக்கே முதலாவது மன்னிப்பு.

இதனால் எங்கள் ஊரில் ஒரு வேறுபாட்டைக் காணலாம். மெதடிஸ்த மிஷனரிமார் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சபையில் முறைப்படி திருமுழுக்குப் பெற்ற ஒரு சகோதரி பின்னர் கத்தோலிக்கராக விரும்பினால், அவருக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றப்படுவதில்லை. அவர் பெற்ற திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். அவருடன் படித்த சைவக் குடும்பத்துத் தோழி வந்தாலோ, பாவசங்கீர்த்தனம் இல்லாமல் திருமுழுக்குப் பெறுகிறார். திருமுழுக்கு வாழ்வில் ஒரேயொரு முறை என்பதே இதற்குக் காரணம்.

அப்படியென்றால் இது மிக இலகுவான வழியல்லவா என்று கேட்கலாம். பழங்காலத்தில் சிலர் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். எல்லாப் பாவமும் ஒரே முறையில் நீங்குமென்றால், அதைக் கடைசிவரை பின்போடலாமே என்று நினைத்தார்கள். பேரரசர் கொன்ஸ்தாந்தீன் 337இல் மரணப் படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் திருச்சபை இந்தக் கணக்கை ஊக்குவிக்கவில்லை. வளர்ந்தவர் திருமுழுக்குப் பெறத் தாமாக விரும்பவேண்டும், விசுவாசத்தைக் கற்கவேண்டும், தம் பாவங்களுக்காக மனம் வருந்தவேண்டும். மனம் வருந்தாமல் பெற்றால் திருமுழுக்குச் செல்லுபடியாகும். ஆனால் உண்மையாக மனம் திரும்பும்வரை மன்னிப்பின் பலன் கிட்டாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் 1972இல் வெளிவந்த முதிர்ந்தோருக்கான சடங்குமுறை, பழைய புகுமுகக் காலத்தை மீண்டும் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் படிப்பும் செபமும் நடக்கும். தவக்காலத்தில் இறுதி ஆயத்தம் நடக்கும். பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், முதல் நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்.

இனி மன்னிக்கப்பட்ட பின்னும் எது மிஞ்சுகிறது என்று பார்ப்போம். புனித அகுஸ்தீனார் 387இல் மிலான் நகரில் பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது. திருமணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து பெற்ற மகன் அதெயோதாத்துசும் அதே இரவில் அவரோடு திருமுழுக்குப் பெற்றான். அகுஸ்தீனாரின் பாவம் மன்னிக்கப்பட்டது. மகன் மகனாகவே இருந்தான், தகப்பனின் கடமையும் அப்படியே இருந்தது. திரும்பி ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அந்தத் தாயின் பெயரை மட்டும் அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. பெண்களாகிய நாங்கள் அவளையும் நினைக்கத்தான் வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக்கினார். திருமுழுக்குக் கடவுள் முன் உள்ள தண்டனையை நீக்குகிறது. மனிதர் முன், நீதிமன்றத்தின் முன் உள்ள தண்டனை தானாக நீங்குவதில்லை என்றார். திருடிய பொருள் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். கெடுத்த பெயர் சீர்செய்யப்படவேண்டும்.

இது எங்கள் ஊருக்கு வெறும் புத்தகக் கேள்வியல்ல. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் இயேசு சபைக் குருவான யூஜின் ஹேபர்ட் அடிகளார், உடன்வந்த இளைஞனோடு காணாமற்போனார். புனித மிக்கேல் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் இன்னும் பதில் தேடுகிறார்கள். இத்தகைய காரியத்தில் கை வைத்த ஒருவர் நாளை மனம் வருந்தித் திருமுழுக்குக் கேட்டால் கடவுள் மன்னிப்பாரா? மன்னிப்பார். அதில் திருச்சபை ஒரு சொல்லையும் குறைக்காது. ஆனால் தனக்குத் தெரிந்த உண்மையை அந்தத் தாயிடம் சொல்லும் கடமையை அந்தத் தண்ணீர் கழுவாது. மன்னிப்புப் பெற்றவன் முன்பைவிடக் கூடுதலாக அந்த வாசலுக்குப் போகக் கடமைப்பட்டவன்.

கடைசியாக ஒன்று. இங்கே மகன்மாரைப் பெற்ற தாய்மார் பலர் இருக்கிறீர்கள். மகன் ஒரு சைவப் பிள்ளையை விரும்பினால், கல்யாணத்துக்கு முதல் ஞானஸ்நானம் எடு என்று அவளை நெருக்குவது எங்கள் வீடுகளில் நடப்பதுதான். திருச்சபை அப்படிக் கேட்கவில்லை. ஆயரிடம் உரிய விதிவிலக்குப் பெற்றால், திருமுழுக்குப் பெறாதவரையும் கத்தோலிக்கர் திருமணம் செய்யலாம். விசுவாசத்தை ஏற்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மாமிக்குப் பயந்து தலை குனிகிற பிள்ளைக்குப் பாவமன்னிப்பைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கமுடியும்? அவள் தானாக விரும்பி வரும் நாள் ஒன்று இருந்தால், பத்து வருடம் சென்றாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். வராவிட்டாலும் அவள் எங்கள் மருமகள்தான்.

வேறு வேறு சமயத்துப் பிள்ளைகளை ஒன்றாக வளர்த்துவிட்ட பாடசாலையின் பிள்ளைகள் நாம். அந்தப் பாடசாலைக்கு நூறாண்டில் நாம் செலுத்தக்கூடிய நன்றி, எவரையும் நெருக்காமல் இருப்பதும், எவருக்கும் மன்னிப்பை மறுக்காமல் இருப்பதும், கொடுக்கவேண்டிய கடனைக் கொடுத்துத் தீர்ப்பதுமே.