மருந்து அரைத்த கை

திருவரங்கத்துக் கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சந்நிதி உண்டு. பக்தியால் போகிறவர் போகட்டும். நான் கல்வெட்டைத் தேடிப் போகிறவன். அக்கோயிலைச் சார்ந்து ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது, அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்தார் என்கிறது 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பட்டரின் பெயர் நிலைத்தது. தெய்வத்தின் சந்நிதி நிலைத்தது. மூலிகை பறித்தவர் யார்? கஷாயம் காய்ச்சியவர் யார்? புண் கழுவியவர் யார்?

இக்கேள்விக்கு விடை வேண்டுமெனில், பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்சுவோர் இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். அத்தனை பேருக்கும் நெல் அளந்து கல்லிலே வெட்டியிருக்கிறார்கள்! சோழனுக்குப் பரணி பாட நான் வரவில்லை. அளந்த நெல்லில் அன்றும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயினும் கணக்கிலே எவரும் விடுபடவில்லை.

பிறகு நடந்ததென்ன? நாவிதர் குலத்தை மருத்துவர் என்றும், அக்குலத்துப் பெண்ணை மருத்துவச்சி என்றும் ஊர் அழைத்தது. பிறந்த குழந்தையை முதலில் ஏந்தியவள் அவள். தீட்டென்று கொல்லைப்புறமாக அனுப்பப்பட்டவளும் அவளே! கை வேண்டுமாம், கைக்குரியவள் வேண்டாமாம்!

இன்று பற்றாக்குறை பேசுவோர், மருத்துவர் போதவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆய்வக நுட்பநரும் மருந்தாளுநரும் செவிலியரும் இல்லாத இடத்தில், மருத்துவர் மட்டும் வந்து என்ன செய்வார்? 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண், வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார், மாத்திரை தந்தார். எழ இயலாதவரை நாடி இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் சென்றனர். மருத்துவரின் நேரம் முற்றிய நோய்க்கு மிஞ்சியது. 2022 டிசம்பர் 29 அன்று ஒரு கோடியாவது பயனாளி மருந்துப் பெட்டகம் பெற்ற ஊர், நம் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டி!

கை தட்டுங்கள்; தட்டிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் தன்னார்வலர், தந்தது ஊக்கத்தொகை. பணியாளர் என்ற பெயரும் ஊதியமும் எங்கே? நாம் போற்றும் திட்டமாயிற்றே என்று வாய்மூடி இருப்பதா? எதிரி கேட்கும் முன்னே நாம் கேட்க வேண்டாமா?

உறையூரிலும் திருவரங்கத்திலும் உள்ள கிளைத் தோழர்களே! உங்கள் தெருவுக்கு வரும் அந்தச் சகோதரியிடம் பேசுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை வீடு ஏறுகிறார், தொகை எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, பேருந்துக் கட்டணம் யாருடையது. அடுத்த வட்டக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள்.