எந்தத் தொட்டியில் எதைப் போடுவது?

ஈப்போவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் கம்பார் வரும். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய ஊர் அது. ஈயம் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாகிவிட்ட நிலத்தில், துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பேராக்கின் பழைய தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இத்தகைய வளாகங்களில் இன்று படிக்கிறார்கள். அங்கே அவர்கள் நாள்தோறும் கடந்து போகும் மூன்று தொட்டிகளைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

நம் நாட்டில் வழக்கத்திலிருக்கும் முறைப்படி நீலத் தொட்டி தாளுக்கு. பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு. ஆரஞ்சுத் தொட்டி பிளாஸ்டிக், தகரம், அலுமினியம் ஆகியவற்றுக்கு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் தொட்டியைத் திறந்து பார்த்தால் கதையே வேறு. நீலத்தில் குழம்பு ஒட்டிய பொட்டலம், ஆரஞ்சில் பாதி குடித்த ஐஸ் தேநீர், பழுப்பில் உடைந்த பீங்கான் தட்டு!

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இதன் நஷ்டத்தை நாம் விளக்கத் தேவையில்லை. மங்கில் வடிந்த பால் வாளிக்குப் போகும். வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலும் மங்கில் உறைந்த கட்டிப்பாலும் தனியாகச் சேரும். ஒட்டுப்பாலில் பட்டையும் மண்ணும் கலந்திருந்தால் அதன் மதிப்பு குறையும். மறுசுழற்சியும் அப்படித்தான். பிரித்துச் சுத்தமாகக் கொடுத்தால் அது சரக்கு. கலந்து கொடுத்தால் குப்பை. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரரும் நனைந்த காகிதக் கட்டை ஒதுக்கித்தான் வைப்பார்.

தாளையே எடுத்துக்கொள்வோம். பழைய தாளை ஆலையில் நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, நார் நாராகப் பிரித்துப் புதிய தாள் செய்கிறார்கள். எண்ணெய் நீரில் கரையாது. ஆகவே எண்ணெய் படிந்த தாள் கூழில் கலந்தால், புதிய தாளில் கறை விழும். நார்களும் சரியாக ஒட்டாது. நாசி லெமாக் கட்டும் பழுப்புத் தாளில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பார்வைக்குத் தாள்தான், நீலத் தொட்டிக்கு உரியதன்று. அது சாதாரணக் குப்பைக்கே போக வேண்டும். மாணவர் விடுதிகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்பது நம் எண்ணம்.

கண்ணாடியில் பீங்கான் கலக்கக்கூடாது. கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது. கல்லாகவே நின்று, புதிய புட்டியில் பலவீனமான இடத்தை உண்டாக்கிவிடும். பழைய பீங்கான் மங்கு வீட்டில் கிடந்தால் அதைப் பூச்செடிக்கு வையுங்கள். பழுப்புத் தொட்டிக்கு அனுப்ப வேண்டாம்.

அலுமினிய டின்னில்தான் லாபம் அதிகம். மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதை விட, பழைய டின்னை உருக்குவதற்கு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவான சக்தி போதும். அதில் மீந்திருக்கும் பானத்தைக் கொட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அவ்வளவுதான். ஆனால் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்ட அரை பாட்டில் தேநீர், பக்கத்திலுள்ளவற்றையெல்லாம் பிசுபிசுப்பாக்கி, எறும்பையும் ஈயையும் வரவழைத்துவிடும்.

அந்தத் தொட்டியைக் கொட்டிப் பிரிப்பது யார்? துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் நம் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய பிறகு இவ்வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. உடைந்த கண்ணாடியைச் சும்மா போட்டால் கிழிவது அவர்கள் கை. பல சுற்றுத் தாளில் மடித்துக் கட்டி, மேலே எழுதித் தனியாக வைக்க வேண்டும். படிக்கப் போன பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வீட்டிலுள்ளவர்களை விடத் தகுதியானவர் யார்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது, அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கட்டாயமாயிற்று. அன்று அந்தப் பட்டியலில் ஜோகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா இருந்தன, பேராக் இல்லை.

கலந்த குப்பை நாடு விட்டு நாடு போன கதையும் உண்டு. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தது. அவை மலேசியாவை நோக்கித் திரும்பின. மறுசுழற்சிக்கு என்று வந்தவற்றில் பயன்படுத்த முடியாத கழிவுகளும் கிடந்தன. 2020 ஜனவரியில், 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக நம் அரசாங்கம் அறிவித்தது. பணக்கார நாட்டுக்காரரும் தொட்டியில் போட்டதோடு கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்!

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கைத்தொலைபேசி மின்கலத்தை இந்த மூன்றில் எதிலும் போடக்கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னியல் கழிவு பெறும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

தவணை முடிந்து பிள்ளைகள் அறையைக் காலி செய்யும் வாரத்தில்தான் குப்பை மலையாகக் குவியும். வாளியையும் மின்விசிறியையும் எறிந்துவிடாமல், அடுத்து வரும் மாணவருக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தின் கம்பிச் சுருளைக் கழற்றித் தாளை நீலத்திலும் கம்பியை ஆரஞ்சிலும் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.