ஆண்டறிக்கைக்கு ஆள் வேண்டும்



பறவைகளை நோக்குவார் பலர். நோக்கியதைத் தொகுப்பார் சிலர். இங்கிலாந்தின் பறவை நோக்கர் கழகங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இது. அங்கு மாவட்டக் கழகங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. உறுப்பினர்தம் குறிப்புகளைத் திரட்டல், அரிய பறவைகள் பற்றிய செய்திகளைச் சரிபார்த்தல், இனந்தோறும் பத்தி எழுதல், மெய்ப்புத் திருத்தல் ஆகிய பணிகளைத் தன்னார்வலர்களே ஊதியமின்றிச் செய்கின்றனர். முதிர்ந்த தொகுப்பாசிரியர் ஓய்வு நாடும்போது, அடுத்து யார் என்னும் வினா எழுகிறது.

தொகுப்பு நின்றால் என்ன குறையும்? சிட்டுக்குருவி விடை கூறும். எங்கும் காணும் பறவைதானே என்று அதனை எண்ணாது விட்டிருந்தால், அதன் வீழ்ச்சி புலப்பட்டிராது. ஆண்டுதோறும் எண்ணியோர் இருந்தமையால், 2002-இல் அது அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விடுபட்ட ஓராண்டைப் பின்னர் எவராலும் எண்ண இயலாது.

பணியைக் கைமாற்றும் நெறிக்கும் அங்கேயே சான்றுண்டு. பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை, 1962-இல் தொடங்கிய பொதுப்பறவைக் கணக்கெடுப்பைத் திடீரென நிறுத்தவில்லை. 1994-இல் புதிய கணக்கெடுப்பைத் தொடங்கி, 2000 வரை இரண்டையும் உடன் நடத்திற்று. அதனால் பழைய தொடர்ச்சி அறுபடவில்லை.

கழகங்களும் அவ்வாறே செய்தல் நன்று. முழுச்சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றினால் எவரும் முன்வாரார். ஒருவர்க்கு வாத்தினம், மற்றொருவர்க்கு ஆந்தையினம் எனப் பகுத்தளித்து, மூத்தவர் ஓராண்டு உடனிருந்து காட்டினால், தயங்கி நின்றவரும் எழுதுகோல் எடுப்பர். ஒருவரின் முதுமையோடு ஒரு வட்டாரத்தின் பறவை வரலாறு முடிந்துவிடலாகாது.