தேறலும் தோழமையும்
(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நல்லுணவோடும் நண்பரோடும் கூடித் தேறல் பருகிய பழந்தமிழர் வழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். திருக்குறள் ஓதித் தொடங்கும் அவையில் இஃதென்ன பொருள் என்று சிலர் எண்ணலாம். எண்ணுவதில் பிழையில்லை. ஆயினும் இதனைப் பேசாது விட்டதனால் விளைந்த கேடு, பேசுவதனால் விளையும் கேட்டினும் பெரிது என்பது என் துணிபு.

அக்கேடு யாது? சங்கப் பாடல்களில் கள் வரும் இடந்தோறும் நம்மவருள் ஒருசாரார் நாணித் தலைகுனிந்து, 'ஏதோ ஓர் இனிய பருகுநீர்' என்று மாணாக்கர்க்குப் பொருள் கூறிக் கடந்துவிடுகின்றனர். மற்றொரு சாராரோ, 'ஔவையே குடித்தாள், நாம் குடித்தால் என்ன?' என்று கடைவாயிலில் நின்று சான்று காட்டுகின்றனர். மறைப்பவரும் பாடலை முழுதும் படிப்பதில்லை, காட்டுபவரும் படிப்பதில்லை. இருவர்க்கும் விடை அப்பாடல்களிலேயே கிடக்கின்றது.

முதற்கண் புறநானூற்று 56-ஆம் பாடலைக் காண்போம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடியது. யவனர் கொணர்ந்த தண்ணிய நறுந்தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, நாளும் பருகி மகிழ்ந்து வாழ்க என்று மன்னனை வாழ்த்துகின்றார். இதனை வெறும் புனைவென்று தள்ள இயலாது. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் என்னும் ஆங்கில அகழாய்வாளர் தோண்டியபோது, இரு கைப்பிடியும் ஒடுங்கிய கழுத்தும் கூரிய அடியும் உடைய யவனச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கொடிமுந்திரித் தேறலைக் கடல் கடந்து கொண்டுவருவதற்கென்றே வனைந்த கலங்கள் அவற்றுட் பல. தேறல் கசிந்துவிடாதிருக்க உட்புறத்தில் மரப்பிசின் பூசுவது அவர்தம் வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரையக் கடல் வழிநூலும், முசிறிப் பகுதித் துறைகளில் இறங்கிய பண்டங்களுள் தேறலைக் குறிக்கின்றது; ஆனால் சிறிதளவே என்றும் சேர்த்தே சொல்கின்றது. ஆகலின் அஃது அருமைப் பொருள். வந்தவழி நின்று வாயில் ஊற்றிக்கொள்ளும் பொருளன்று.

இன்னொன்றையும் நோக்குக. நக்கீரனார் தேறலை முதலிற் சொல்லவில்லை. இரவலர்க்கு அரிய கலன்களைக் குறையாது வழங்குக என்பதை முன்வைத்து, அதன் பின்னரே தேறலுக்கு வருகின்றார். ஈகை முன், இன்பம் பின். இவ்வரிசையை விட்டுவிட்டுப் பொருள் கூறுவது அரைப்பொருள் கூறுவதே.

அத்தேறலை விற்ற கிரேக்கர் அதனை எங்ஙனம் பருகினர்? அகன்ற கலத்தில் நீர் கலந்து, உணவுக்குப் பின் நண்பர் சூழ அமர்ந்து, பாட்டும் உரையாட்டுமாகப் பருகினர். நீர் கலவாது குடிப்பது நயமற்றோர் செயல் என்பது அவர் கருத்து. அக்கூட்டத்திற்குச் சிம்போசியம் என்று பெயரிட்டனர். 'கூடிக் குடித்தல்' என்பதே அதன் நேர்பொருள். இன்று அறிஞர்கள் கருத்தரங்கிற்கு இட்டு வழங்கும் பெயரும் அதுவே! அப்பெயரிட்டு அழைப்பு அச்சிடுவோர் அதன் பொருளை அறிந்தால் சற்றே திகைப்பர். நம்மிடமும் அதற்கு இணையான ஒன்று இருந்தது. வேந்தன் பாணரும் புலவரும் சூழ வீற்றிருக்கும் அவைக்கு 'நாள்மகிழ் இருக்கை' என்று பெயர். மகிழ் என்னும் சொல்லுக்கு உவகை என்றும் பொருள், கள் என்றும் பொருள்.

இஃது அரண்மனைக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைக் காட்டுகின்றார். குற்றாத அரிசியைக் குழையக் களியாக்கி, அகன்ற வாயையுடைய பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். அதனோடு நெல்முளையை இடித்துச் சேர்க்கின்றனர். வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முற்ற விளைவித்து, அரித்துப் பிழிகின்றனர். முளைவிட்ட நெல்லுக்கு மாவை இனிப்பாக்கும் ஆற்றல் உண்டு. அவ்வினிப்பே புளித்து நறவாகும். இன்றைய வேதியல் கூறும் இவ்வுண்மையை வலைஞர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அப்பிழி யாருக்கு? வழிநடந்து தளர்ந்து வரும் பாணனுக்கு! அதுவும் தனித்தன்று; சுட்ட மீனோடு. பொருநராற்றுப்படையிலோ, கரிகாலன் பொருநனைத் தன் அருகிருத்திப் பொற்கலம் நிறையப் பலமுறை ஊற்றுவித்து, காய்ச்சிய ஊனும் சோறும் ஊட்டுகின்றான். உழுது தேய்ந்த கொழுவைப்போல் பற்கள் மழுங்கும் அளவுக்கு உண்டானாம் அப்பொருநன்! சிரிப்பூட்டும் இடந்தான், ஆனால் ஊட்டியவன் அன்பு அதில் தெரிகின்றது.

இனி, ஔவையைச் சான்றுக்கு அழைப்போர் புறநானூற்று 235-ஆம் பாடலை முழுதும் படிக்கவேண்டும். அஃது அதியமான் மாய்ந்தபின் பாடிய கையறுநிலை. கள் குறைவாகக் கிடைத்த நாளில் அதனைப் புலவர்க்கே தந்தான். மிகுதியாகக் கிடைத்த நாளிலேயே, அவர் பாடத் தானும் உண்டு மகிழ்ந்தான். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களிற் பகிர்ந்தான். ஊன் மிக்க இடத்தைப் பிறர்க்கு விட்டு, அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் நின்றான். அவன் மார்பைத் துளைத்த வேல், பாணர் ஏந்திய கலத்தையும் புலவர் நாவையும் துளைத்ததாக அம்மூதாட்டி அழுகின்றார். கள்ளைப் பற்றிய பாட்டா அது? தன்னிடம் குறைந்திருந்ததைத் தனக்கென வைத்துக்கொள்ளாத ஒரு தோழனைப் பற்றிய பாட்டு. பதினொன்றாம் வகுப்பு மாணாக்கனுக்கு இதனை மறைப்பது, கள்ளை மறைப்பதாகாது, அதியமானை மறைப்பதாகும்.

குடியின் எல்லையை அக்காலத்தார் அறியாதவரும் அல்லர். 123-ஆம் பாடலில் கபிலர், காலையிலேயே குடித்து மயங்கித் தேரைத் தூக்கிக் கொடுப்பது யார்க்கும் எளிது என்று எள்ளுகின்றார். மலையமான் திருமுடிக்காரி குடியாமல் தெளிந்திருக்கும்போதே மிகுதியாகத் தருபவன் என்று உயர்த்துகின்றார். வள்ளுவப் பெருந்தகையோ ஒரு படி மேலே சென்று கள்ளுண்ணாமைக்கு முழு அதிகாரமே வகுத்தார். விருந்துக் கள்ளுக்கு அவர் விலக்கு அளித்தார் என்று வலிந்து பொருள் காண யான் வரவில்லை, அளிக்கவில்லை. ஆனால் அவர் அதனைப் பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே வைத்ததை எண்ணிப் பாருங்கள். காசு கொடுத்து அறிவை இழக்கும் பேதைமையை அவர் இடித்துரைக்கின்றார். நறவு விற்கும் கடைகளில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுவதால், விலைக்குடியும் அன்றே இருந்தது என்பது தெளிவு. அதியமானின் கள் கொடுக்கப்பட்டது. வள்ளுவர் கண்ட கள் வாங்கப்பட்டது.

இன்றைய நிலையைச் சுருங்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் 1987 முதல் பனையிலும் தென்னையிலும் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்தி, கரும்பாலைக் கழிவுப்பாகினின்று வடித்த வெறியத்தை விற்கின்றது. அதனை வாங்குவோருட் பலர் விருந்தின்றி, பாட்டின்றி, நெகிழிக் குவளையில் நின்றபடியே விழுங்கிவிட்டு வெறும் பையோடு வீடு செல்கின்றனர். அவர்தம் மனைவிமார் அடையும் துன்பத்தை யான் விரித்துரைக்க வேண்டா. பள்ளிக்கு உணவின்றி வரும் பிள்ளைகளின் முகத்தில் அதனை நாம் நாள்தோறும் படிக்கின்றோம். இதற்கு ஔவையைத் துணைக்கு அழைப்பவர் நாக்கூசவேண்டும்.

கூட்டத்தில் ஓர் அன்பர், 'வைன்' என்பதற்குத் தமிழ் யாது என்று சீட்டு எழுதி அனுப்பியுள்ளார். 'திராட்சரசம்' என்கின்றனர், அதன் இரு கூறும் வடசொல். நமக்குச் சொல்வறுமை இல்லை. நறுமணத்தால் நறவு, பிழிதலால் பிழி, அரித்தலால் அரியல், தேறித் தெளிதலால் தேறல். மலைநாட்டார் மூங்கிற் குழாயில் முதிரவைத்ததும் தேறலே, யவனர் சாடியில் வந்ததும் தேறலே. எனவே 'கொடிமுந்திரித் தேறல்' எனலாம். சுருக்கமாக 'முந்திரித் தேறல்' எனினும் அமையும். ஆனால் இந்நாளில் முந்திரி என்றவுடன் பண்ணுருட்டிக் கொட்டையே பலர்க்கு நினைவுக்கு வருதலின், முன்னதே நன்று.