ஸ்பெயார் வீல் இல்லாத காரும் தோட்டத்துப் பாதையும்

(தோட்டத்து இளம் சாரதிகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் இன்று வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். ஓட்டோ, வேன் வரிசையில் இப்போது மின்சாரக் காரும் சேர்ந்துவிட்டது. 2015ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் கார்கள் கைமாறி மலையகத்துக்கும் ஏறின. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு புது வகைகளும் வருகின்றன.

பெற்றோல் செலவு இல்லை, நல்ல வண்டிதான். ஆனால் டிக்கியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஸ்பெயார் வீல் கிடையாது. பெற்றரி இடத்தையும் பாரத்தையும் எடுத்துக்கொள்வதால், அதற்குப் பதிலாக ஒரு பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும் இருக்கும்.

கொழும்பில் அது போதும். பொகவந்தலாவைக்கு மேலே, அக்கரப்பத்தனைக்கு உள்ளே, கடைசி டிவிசன் பாதையில் போதுமா? மழை, பனிமூட்டம், போனில் சிக்னல் இல்லை. காருக்குள் பிரசவ வலியோடு ஒரு தாய். அந்த நேரத்தில் டயரில் காற்றுப் போனால் அது பஞ்சர் மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலில், பசைப் போத்தலின் திகதியைப் பாருங்கள். பழைய காரில் அது எப்போதோ காலாவதியாகியிருக்கலாம். அந்தப் பசை, டயரின் ஓடுபகுதியில் ஆணி குத்திய சிறு துளையைத்தான் அடைக்கும். கல் கிழித்த பக்கச் சுவரை அடைக்காது. நம்முடைய பாதையில் கிழிப்பதோ கல்தான்! அதனால் பொருந்தும் ஒரு வீலைத் தேடி வாங்கி வண்டியில் வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, டவுனில் பொதுவாக வைத்தாலும் நல்லது.

இரண்டாவது, ஜெக். லீஃப் கார் சுமார் 1,500 கிலோ. சின்ன ஆல்டோவைப் போல இரண்டு மடங்கு. அந்த ஜெக் இதற்கு ஆகாது. கீழே முழுக்கப் பெற்றரி இருப்பதால், ஓரத்தில் குறித்த இடத்தில் மட்டுமே ஜெக் வைக்க வேண்டும். எல்லோரையும் இறக்கி, சமதரை பார்த்து நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஈர மண்ணில் ஜெக்குக்குக் கீழே பலகை போடுங்கள்.

மூன்றாவது, கயிறு கட்டி ட்ரக்டரால் இழுக்க விடாதீர்கள். மோட்டாரோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழலும், பழுதாகும். லீஃப் காருக்கு அது முன் சக்கரம். முழு வண்டியையும் லொறியில் ஏற்றுவதே பாதுகாப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி இருந்தால் டயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள்; கிட்டே உள்ள லயத்தில் ஓட்டோ கேளுங்கள். எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்பதை இன்றே தெரிந்து வையுங்கள்.

தோழர்களே, சாரதி எவ்வளவு கவனமாக இருந்தாலும் பாதை கல்லும் குழியுமாக இருந்தால் என்ன செய்வது? “அது தோட்டத்துப் பாதை, எங்களுக்குச் சேராது” என்று பிரதேச சபைகள் கையை விரித்த காலம் ஒன்று இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் அப்படிச் சொன்னார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று தோட்டத்துப் பாதைக்குச் சபை நிதியைச் செலவிட வழி உண்டு. நாமும் வாக்களித்துத்தான் சபை அமைகிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எந்த இடத்தில் டயர் கிழிகிறது, எந்த வளைவில் மண் சரிகிறது என்று எழுதி, கையெழுத்து வாங்கி, சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்க வேண்டும். பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்தில் வையுங்கள். பதில் வராவிட்டால் சேர்ந்தே போய்க் கேட்போம்.

வீல் நாம் வாங்கலாம். பாதை நமக்குச் சேர வேண்டிய உரிமை.