முதல்ல இடம், பிறகு தேனீப் பெட்டி



உங்கள் குடியிருப்புத் தோட்டத்தில் பூசணியும் வெள்ளரியும் போட்டிருக்கிறீர்கள். கொடி நிறையப் பூ இருக்கு. பிஞ்சு மட்டும் வெம்பி உதிர்ந்துடுது. "உரம் போதலையோ?" என்று கேட்பீர்கள். பல நேரம் காரணம் வேறு. இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைச் செய்வது தேனீ.

பெட்டியில் வளர்க்க ஏற்றது நம்ம ஊர் அடுக்குத் தேனீ. மாடி விளிம்பில் ஒற்றை அடையாகத் தொங்குகிற மலைத் தேனீ வேறு; அதன் பக்கம் போகாதீங்க.

அடுக்குத் தேனீக்கு இடம் பிடிக்கலைன்னா, மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அதனால் பெட்டி வாங்கும் முன்பே நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலாவது, அக்கம்பக்கத்து வீடுகளில் பேசுங்கள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரக்கூடியவர் ஒருவர் இருந்தாலும், அவர் மருத்துவரைக் கேட்டு மனதாரச் சம்மதித்த பிறகுதான் பெட்டி வரணும்.

இரண்டாவது, இடம். லேசான நிழல் வேண்டும். பெட்டியின் வாசல் நடைபாதையையோ குழந்தைகள் விளையாடும் பக்கத்தையோ பார்க்கக் கூடாது. இடம் பழகின பிறகு சில அடி தள்ளி வைத்தாலும், வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து திண்டாடும்.

மூன்றாவது, எறும்பும் தண்ணீரும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். குடிக்க, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள்.

நான்காவது, மருந்து. பூத்திருக்கும் செடியில் பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம். கொசுப்புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி கேட்டு வையுங்கள்.

பெட்டியை இருட்டும் நேரத்தில் கொண்டு வாருங்கள். முதல் வாரம் திறந்து திறந்து பார்க்காதீங்க. போட்டோ எடுக்கக்கூட வேண்டாம்.

யாரையாவது கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குளிர்ந்த துணி வையுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பகுதி அலுவலரின் தொடர்பை உழவன் செயலியில் பார்க்கலாம். குறைந்தது இரண்டு பேராவது பயிற்சி எடுங்கள். ஒருவர் ஊருக்குப் போனாலும் பெட்டியைப் பார்க்க ஆள் இருக்கும்.

முதல் வருஷம் தேனுக்கு அவசரப்படாதீங்க. பூ இல்லாத மழை நாளில் அதுதான் தேனீக்குச் சாப்பாடு. உங்கள் பங்கு பூசணிக்கொடியிலேயே காய்க்கும்.