மதிலுக்குள்ளே ஒரு புது ஊர்



ஊர் வேற, சேரி வேறன்னு கோடு போட்டவன் இன்னைக்கு ஊரை விட்டே தள்ளிப் போறான். சுத்தி மதில், வாசல்ல காவலாள், தனித் தண்ணி, தனி ஜெனரேட்டர். அங்கேயும் மலக்குழி நிரம்புது. இறங்குறது யாரு? நம்ம ஆளு.

2022-23இல் இந்தியச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் என்கிறது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்கு. உழைச்சு சேர்த்தது என்பார்கள். வாரிசுச் சொத்தின் மீதான வரி 1985இல் ஒழிந்தது. செல்வ வரியை 2015 பட்ஜெட் ஒழித்தது. அப்பன் சொத்து முழுசா புள்ளைக்கு.

நம்ம அப்பன் சொத்து என்ன? 1892க்குப் பின் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தும் கைமாறிப் போச்சு. கைமாறாம வந்தது துடைப்பமும் வாளியும்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுத்து 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. குழியில் செத்தால் 30 லட்சம் என்று 2023இல் உச்சநீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியது.

இழப்பீடு வாங்கிக் கலைகிற கூட்டமல்ல நாம். பஞ்சமி நிலத்தைக் கேட்போம். வாரிசுச் சொத்துக்கு வரி கேட்போம். பிறப்பால் வந்த இழிவைக் கேள்வி கேட்கிறவன், பிறப்பால் வந்த சொத்தையும் கேட்டே ஆகணும்.